கரத்தில் ஏந்துதல்

9 சனவரி

பெருமதிப்பிற்குரிய நாட்குறிப்பிற்கு, ராணியம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டு பிறந்து ஒரு வாரம் கடந்த பின்னரே தங்கள் முதற்பக்கத்தைத் திறக்கிறேன். இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். மகளிர் குழுவின் ஆண்டறிக்கை, பொங்கலுக்கான வெள்ளையடிப்பு, என் கணவரின் வண்டிக்குத் தகுதிச் சான்று என மூன்றும் ஒருசேர வந்து சேர்ந்தன. தாமதம் என் இயல்பன்று. சென்ற ஆண்டின் நாட்குறிப்பு அலமாரியில்தான் இருக்கிறது; ஐயமிருப்பின் அதனிடம் கேட்டறியலாம்.

இன்று காவல் நிலையத்திலிருந்து உதவி ஆய்வாளர் என்னைத் தேடி வந்தார். தேடி வந்தார் என்பதை அடிக்கோடிடுகிறேன். சாலைப் பாதுகாப்பு மாதத்தை முன்னிட்டு, மொரப்பூர் சாலை பிரியும் முச்சந்தியில் உள்ள சுவரில் ஒரு வாசகம் எழுத வேண்டுமாம். கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். "செல்போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டாதே" என்றிருந்தது.

அதிலுள்ள இரு பிழைகளை எடுத்துரைத்தேன். ஒன்று, அயற்சொல். இரண்டு, ஊராரை ஒருமையில் விளித்தல். பின்னர் அவர் முன்னிலையிலேயே பின்வருமாறு எழுதிக் கொடுத்தேன்:

"ஊர்தியை இயக்குங்கால் கைபேசியைக் கரத்தில் ஏந்தி உரையாடுதல் தண்டனைக்குரிய குற்றமாகும்."

அவர் இருமுறை படித்தார். "கொஞ்சம் நீளமா இருக்குங்களேம்மா" என்றார். சட்டமும் நீளமானதே என்றேன். அதற்கு மறுமொழி கூறும் முன் அவருடைய கைபேசி ஒலித்தது. தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். ஒப்புதல் எனக் கொண்டேன்.

எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். நான் நிற்கவில்லை. கம்பைநல்லூர்க் கிளை நூலகத்தில் நான் படிக்காத அலமாரி ஒன்றுதான் பாக்கி, அது பூட்டியிருக்கிறது. அப்படிப்பட்டவளின் வாக்கியம் இனி ஊரின் நுழைவாயிலில் நிற்கும்.

என் கணவர் பச்சியப்பன் படித்துப் பார்த்தார். இவ்வூர்த் தக்காளியைப் பாலக்கோட்டு மண்டிக்கு ஏற்றிச் செல்லும் சிறு சரக்குந்து, மக்கள் 'சின்ன யானை' என்பார்கள், அதுவே எங்கள் பிழைப்பு. "நல்லாருக்கு" என்றார். "யாருக்குப் புரியும்?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

13 சனவரி

திறப்பு விழா. சிறப்பு விருந்தினராக வந்த ஒன்றியத்துப் பிரமுகர் காரிலிருந்து பேசியவாறே இறங்கினார். பேசியவாறே மாலையை ஏற்றார். இடக்கையில் கைபேசி காதோடு இருக்க, வலக்கையால் கத்தரிக்கோலைப் பிடித்து நாடாவை வெட்டினார். அவர் அப்போது எவ்வூர்தியையும் இயக்கவில்லை. ஆகவே சட்டத்திற்கு உட்பட்டே நடந்துகொண்டார் எனப் பதிவு செய்கிறேன்.

தலைக்கவசப் பேரணியும் நடந்தது. முன்வரிசை இளைஞர்கள் ஒரு கையால் வண்டியை ஓட்டி, மறு கையால் பேரணியைப் படமெடுத்துக்கொண்டார்கள். கரத்தில் ஏந்தினார்கள், ஆயின் உரையாடவில்லை. என் வாக்கியத்தில் 'ஏந்தி உரையாடுதல்' என்றிருப்பதை அவர்கள் உற்றுப் படித்திருப்பார்களோ? படித்திருந்தால் பெருமையே.

17 சனவரி

ஊரார் என் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் படித்திருக்கிறார்கள். இவ்வளவு கூர்ந்த வாசகர்கள் எந்தப் புலவருக்கும் வாய்த்திருக்க மாட்டார்கள்.

குப்புராஜ் என்றொருவர் இருக்கிறார். இவ்வூரின் இன்னொரு சின்ன யானைக்காரர், என் கணவருக்குப் போட்டியாளர். அவர் கைபேசியைக் காதோடு வைத்து, அதன்மேல் துண்டால் தலைப்பாகை கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். கையில் இருந்தால்தானே கைபேசி, இது தலைபேசி என்று டீக்கடையில் விளக்கம் கொடுத்தாராம். இப்போது அக்கடையில் பாதிப் பேருக்குத் தலைப்பாகை ஏறிவிட்டது.

சென்னப்பனும் அவர் மனைவி ஜாஸ்மினும் இன்னும் ஒரு படி மேலே. மொபட்டில் அவர் முன்னால், அவள் பின்னால். அழைப்பு வந்தால் ஜாஸ்மின் கைபேசியை எடுத்து அவர் காதில் வைத்துப் பிடிக்கிறாள். உதவி ஆய்வாளர் முச்சந்தியிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறார். சென்னப்பன் இரு கைகளையும் விரித்துக் காட்டினாராம், ஒன்றுமில்லை என்பதற்கு.

"நான் வண்டி ஓட்டலைங்க சார். புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கன்" என்றிருக்கிறாள் ஜாஸ்மின். "நீங்க எழுதி வச்சதத்தான் படிச்சுப் பாருங்களேன்."

உதவி ஆய்வாளர் திரும்பி நின்று சுவரைப் படித்தார். அவர்களைப் போகச் சொல்லிவிட்டார். நியாயமான மனிதர்.

18 சனவரி

பிழை என்னுடையதா? மோட்டார் வாகனச் சட்டத்தை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் 'கையில் பிடிக்கும்' கருவி என்றுதான் இருக்கிறது. ஆகவே நான் செய்தது பிழையெனில் அதை நாடாளுமன்றமும் செய்திருக்கிறது. அதற்குச் சமமாக நின்றதில் எனக்கு வருத்தமில்லை.

21 சனவரி

உதவி ஆய்வாளரின் வேண்டுகோளுக்கு இணங்க வாசகம் திருத்தப்பட்டது. 'கரத்தில்' என்பது 'கரத்திலோ' ஆயிற்று; அதன்பின் 'செவியிலோ, தோளிலோ, தலைத்துணியிலோ, தலைக்கவசத்தினுள்ளோ, பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரது கரத்திலோ' என்பன சேர்க்கப்பட்டன. எதையும் விட்டுவிடவில்லை.

சுவர் போதவில்லை. 'ஏந்தி உரையாடுதல்' வரையில்தான் இடம் இருந்தது. பெயிண்டர் மூலையைத் திருப்பி எழுத முயன்றார். அப்பக்கத்தில் உர நிறுவனத்தின் விளம்பரம். ஆகவே 'குற்றமாகும்' என்ற பயனிலை சுவரில் ஏறவே இல்லை. தற்போது சுவரில் இருப்பது வினைமுற்று இல்லாத ஒரு தொடர். எங்கெங்கு கைபேசியை வைக்கலாம் என்ற பட்டியல் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்கு என்ன ஆகும் என்பது இல்லை. மூலை திரும்பிப் பார்த்தால் 'விளைச்சல் இருமடங்கு' என்று முடிகிறது.

டீக்கடையில் யாரோ அதைச் சேர்த்து வாசித்துக் காட்டுகிறார்களாம். நான் அவ்வழியே போவதைத் தவிர்க்கிறேன்.

24 சனவரி

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன்.

கைபேசியில் 'ஹலோ' என்று தொடங்கும் பழக்கம் எனக்கில்லை. அழைத்தவுடன் வணக்கம் கூறுவேன். நலம் கேட்பேன். வீட்டு நிலவரத்தைச் சுருக்கமாக உரைத்து, அதன்பின் வேண்டுகோளை வைப்பேன். என் கணவர் இடையிடையே 'ம்' என்பார். இருபது ஆண்டுகளாக இப்படித்தான். இன்று மாலையும் அப்படித்தான் அழைத்தேன். வணக்கம், உடல்நலம், காலையில் விழுந்த பனி, அண்டை வீட்டு மாடு வேலி தாண்டியது, ஆகையால் தாங்கள் இல்லம் திரும்புங்கால் — இவ்விடத்தில் எனக்கு ஒரு குரல் கேட்டது. என் கணவரின் குரல் அல்ல.

"அம்மா, நான் எஸ்.ஐ. பேசறன். உங்க வூட்டுக்காரர் தோள்ல இருந்து போன நான் எடுத்துட்டன். விசயம் என்னன்னு சொன்னீங்கன்னா அவருகிட்ட சொல்லிடறன்."

கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, எண் சரிதானா என்று பார்த்தேன்.

"சொல்லுங்கம்மா."

"துவரம் பருப்பு" என்றேன். "அரைக் கிலோ."

"அவ்வளவுதானுங்களா?"

அவ்வளவுதான்.

உதவி ஆய்வாளர் வண்டியை நிறுத்திய பின்னும், ஒரு பெண்மணி பேசுகையில் குறுக்கிடக் கூடாதென்று சன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். "மாடு வேலி தாண்டற வரைக்கும் பொறுத்துப் பாத்தாரு" என்றார் என் கணவர். தீபாவளிக்கு முன்பு ஒருமுறை இதே குற்றத்திற்குப் பிடிபட்டவர். இது இரண்டாம் முறை. உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் முடக்கச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகத்திற்கு எழுதுவார்களாம்.

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"உன் போன எடுக்கலைன்னா ஒரு பேச்சு. எடுத்தா இது" என்றார்.   திட்டியிருந்தால்கூட நான் திரும்பப் பேசியிருப்பேன்.

பருப்பை மட்டும் வாங்கி வந்திருந்தார்.

25 சனவரி

மூன்று மாதம் வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வைத்துவிடுகிறேன். ஊர்த் தக்காளி முழுதும் குப்புராஜ் வண்டியில் ஏறும். ஏறிய சரக்கு திரும்ப இறங்கி வராது. எல்லாரிலும் பெரிய தோட்டம் ராமக்காளுடையது. அவர் எவர் வண்டிக்குப் போகிறாரோ அவர் பின்னால் மற்றவர்கள் போவார்கள். மூன்று மாதம் கழித்து உரிமம் எங்களிடம் இருக்கும், நடை இருக்காது.

30 சனவரி

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம். ஏன் முடக்கக் கூடாது என்பதற்கு எழுத்து மூலம் விளக்கம் தருமாறு கேட்டிருக்கிறார்கள். எழுத்து மூலம். அச்சொல்லைக் கண்டதும் என் மனம் தெளிந்தது.

"தப்புதாங்க, இனிமே பேசமாட்டன்னு ரெண்டு வரி எழுது ராணி. போதும்" என்றார் என் கணவர்.

குற்றத்தை ஒப்புக்கொள்வது விளக்கமாகாது என்று அவருக்கு விளக்கினேன். சட்டம் 'கையில் பிடிக்கும்' என்கிறது. அவர் பிடித்தது தோளில். தோள் வேறு, கை வேறு. 'தோளிலோ' என்று சுவரில் எழுதியவளே நீதானே என்று கேட்டார். அது வினைமுற்று இல்லாத தொடர், சட்டப்படி செல்லாது என்றேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

விளக்கம் ஏழு பக்கம் வந்திருக்கிறது. இன்னும் முடிவுரை எழுத வேண்டும்.

5 பிப்ரவரி

விசாரணை. அலுவலர் மரியாதையானவர். மூன்றாம் பக்கம் வரை படித்தார். தோள் என்பது உடலின் பகுதியா, கையின் பகுதியா என்னும் இடத்தில் நிமிர்ந்து, தம் இடத் தோளைத் தாமே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். என் வாதம் வென்றதென்றே நினைத்தேன்.

அவர் என் கணவரிடம், "அந்தப் பக்கம் யாரு பேசினது?" என்று கேட்டார்.

"வூட்ல இருந்துங்க."

"அவசரமா ஏதாச்சுமா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். ஏழு பக்கத்தில் எங்கும் நான் அதை எழுதியிருக்கவில்லை. கேள்விக்கு அது தொடர்பற்றது. தரையைப் பார்த்து, "பருப்புங்க" என்றார்.

அலுவலர் எழுதுகோலை மூடிவிட்டார். "கையோ தோளோ, இருக்கட்டும்மா. அந்தப் பக்கம் பேசினவங்க சுருக்கமா முடிச்சிருந்தா இவரு ரோட்டப் பாத்திருப்பாரு." பின்பு மூன்று மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இக்கருத்தை நான் சட்டத்தின் எப்பிரிவிலும் காணவில்லை.

பேருந்தில் திரும்பினோம். மொரப்பூர் வரும் வரை அவர் சன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். நானும் பேசவில்லை. இது அரிது.

7 பிப்ரவரி

ராமக்காள் வீட்டு வாசலுக்கு வந்தார். இப்பருவத்தில் முதன்முதலாகப் பறித்த பெட்டிகள் களத்தில் கிடக்கின்றன, நாளைக்கு மேல் தாங்காது, குப்புராஜிடம் சொல்லிவிடவா என்று கேட்டார். என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

நான் உள்ளே சென்று என் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து வந்து காட்டினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் பெற்றது; சின்ன யானைக்கும் செல்லுபடியாகும். விதிகள் புத்தகத்தை மனப்பாடம் செய்து, பயிற்சிப் பள்ளிக் காரில் தேர்வு கொடுத்து, முதல் முறையிலேயே தேறினேன். அதன்பின் என் கணவர் வண்டியைத் தரவில்லை. காகிதத்தில் இருக்கட்டும் என்றார். காகிதத்தில் இருந்தது.

ராமக்காள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா ராணி, நீ வண்டி ஓட்டுவியா, வண்டிக்கு மனு எழுதுவியா?"

ஓட்டுவேன் என்றேன்.

"மண்டியில நீ வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள தக்காளி அழுகிரும்."

என் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏத்துங்க அக்கா. நான் கூட இருக்கன்."

8 பிப்ரவரி

ஓட்டினேன்.

9 பிப்ரவரி

நேற்று எழுதியதை விரிக்க வேண்டும். அவ்வொரு சொல்லோடு நேற்று உறங்கிவிட்டேன். அதிகாலையில் வற்றிய ஏரியில் பயிற்சி. பின்னர் சரக்கேற்றிப் புறப்பாடு. அவர் பக்கத்து இருக்கையில். காரிமங்கலம் தாண்டும் வரை, "பிரேக்கு, பிரேக்கு" என்பதைத் தவிர அவர் வேறு சொல் எதையும் பயன்படுத்தவில்லை. மேட்டில் வண்டி இருமுறை நின்றது. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் என்னைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

மண்டியில் ஏலக்காரர் என் கணவரிடம், "என்னண்ணா, ஓனரம்மாவே வந்துட்டாங்க?" என்று கேட்டார். ஓனரம்மா. திருத்தத் தோன்றவில்லை.

22 பிப்ரவரி

இப்போது தனியாகவே போகிறேன். அவரும் வந்தால் திரும்பி வருகையில் காலிப்பெட்டிக்கு இடம் போதவில்லை, தோட்டத்தில் ஏற்றவும் ஆள் வேண்டும்.

புதிய சிக்கல் ஒன்று. இருபது ஆண்டுகளாக 'ம்' என்பதற்கு மேல் பேசாத மனிதர், நான் சாவியைத் திருப்பியதும் அழைக்கத் தொடங்கிவிடுகிறார். முச்சந்தி தாண்டினாயா? எந்த கியர்? வண்டி இழுக்கிறதா? முதல் நாள் எடுக்கவில்லை. மண்டியில் இறக்கிவிட்டுப் பார்த்தால் தவறிய அழைப்புகள் திரை நிறைய. வீடு திரும்பியதும் சட்டத்தை நினைவூட்டினேன்.

"எடுக்கலைன்னா இங்க இருக்கறவன் என்னன்னு நெனைக்கறது?" என்றார்.

இந்த வாக்கியத்தை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று தேடவில்லை.

1 மார்ச்சு

தோட்டங்கள் கூடியிருக்கின்றன. குள்ளம்மாள் என்பவரும் இரு பெட்டிகள் கொடுத்தனுப்பினார், சோதனைக்காகவாம். நசுங்காமல் போய்ச் சேர்ந்தன. மண்டியில் வணக்கத்தை ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். ஏலம் காத்திருப்பதில்லை.

4 மார்ச்சு

எழுதியே ஆக வேண்டும். வரிசை தவறினால் மன்னிக்க.

காரிமங்கலத்துக்கு முன் வளைவு. கைபேசி கண்ணாடிக்குக் கீழே இருந்தது. பைக்குள் வைப்பதுதான் வழக்கம் — இன்று ராமக்காள் இன்னும் பெட்டி இருந்தால் சொல்கிறேன் என்றதால் வெளியே வைத்தேன். அடித்தது. எடுக்கவில்லை. எடுக்கவே இல்லை. கவிழ்ந்து கிடந்தது. யாரென்று பார்க்க ஒரு விரலால் திருப்பினேன். ஒரே ஒரு விரல்.

நிமிர்ந்தால் எதிரே மொபட்.

எப்படி மிதித்தேன் என்று தெரியல. வண்டி குறுக்கே நின்னுச்சு. பின்னாடி பெட்டியெல்லாம் சரிஞ்சு ரோடெல்லாம் தக்காளி. மொபட் மண்ணுல சாஞ்சு கிடக்குது. சென்னப்பன் எழுந்து நிக்கிறான். ஜாஸ்மின் எங்க? ஜாஸ்மின் எங்கேன்னு கத்தறன்.

அவள் என் சன்னல் பக்கத்திலேயே நின்றிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே இன்னும் அடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள்.

"ஏங்க்கா. நீங்களுமா?"

 கைபேசி நின்று, மறுபடி அடித்தது. வண்டி நின்றுவிட்டதே என்று எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல" என்றார் என் கணவர். "சும்மாதான். சாப்பிட்டியா?"

5 மார்ச்சு

நேற்றைய நிகழ்வைச் சட்டப்படி ஆராய்ந்தேன். கரத்தில் ஏந்தவில்லை. செவியில் இல்லை. தோளில் இல்லை. உரையாடவும் இல்லை. என் சுவர் வாசகத்தின் எத்திருத்தத்தின்படியும் நான் குற்றமற்றவள். ஜாஸ்மின் முழங்கையில் மஞ்சள் பூசியிருக்கிறாள்.

என் கணவரிடம் எதுவும் ஒளிக்கவில்லை.  "நான்தான் கூப்பிட்டன்" என்றார். இல்லை, நான்தான் திருப்பினேன் என்றேன். இல்லை, நான்தான் என்றார். எங்கள் இல்லத்தில் இருவரும் ஒரே குற்றத்திற்குப் போட்டியிட்டது இதுவே முதல் முறை.

ராமக்காள் உருண்ட தக்காளிக்காக வாசலில் நின்று பேசியதை எழுத இயலாது. கேட்டுக்கொண்டேன். குப்புராஜ் வண்டிக்குப் போய்விட்டார். எதிர்பார்த்ததே. மற்றவர்களும் போவார்கள்.

8 மார்ச்சு

போனார்கள். குள்ளம்மாள் உட்பட.

10 மார்ச்சு

காவல் நிலையத்திற்கு நானே சென்றேன். நான் எழுதிய வாசகத்தை வெள்ளையடித்து அழிக்க அனுமதி கோரினேன். நடந்ததையும் சொன்னேன். உதவி ஆய்வாளர் குறிப்பெடுக்க எடுத்த பேனாவை மூடிவிட்டு, எதிரே நாற்காலியைக் காட்டினார்.

"பழையத எழுதிடலாங்களா? நான் மொதல்ல கொண்டாந்தது?" என்று கேட்டார்.

அது ஓட்டுகிறவருக்குச் சொல்வது என்றேன். அவர்களுக்கு எல்லாம் தெரியும். சொல்ல வேண்டியது வீட்டில் இருப்பவர்களுக்கு.

12 மார்ச்சு

சுவர் முடிந்தது. பெயிண்டர் என் சீட்டைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். "மீதி எங்கங்க?" என்றார். மீதி இல்லை என்றேன். நம்பவில்லை, சிறிது நேரம் காத்திருந்தார்.

"வண்டியில போயிருக்காங்க. கூப்பிடாதீங்க."

பேச்சு வழக்கைச் சுவரில் ஏற்றியது என் வாழ்வில் இதுவே முதல் முறை. 'கூப்பிடாதீங்க' என்பதில் உள்ள மரியாதை விகுதி மட்டும் எனக்கு ஆறுதல்.

19 மார்ச்சு

குப்புராஜ் முச்சந்தியில் பிடிபட்டார். தலைப்பாகைக்குள்ளிருந்து அவர் பேசிக்கொண்டிருக்கையில், மறுமுனையில் இருந்த சகலையின் குரல் வெளியே கேட்டிருக்கிறது. வழக்கம்போலச் சுவரைக் காட்டியிருக்கிறார்.

"நான் படிச்சது வேறங்க" என்றாராம் சுவரைப் பார்த்துவிட்டு.

"அது அழிஞ்சிருச்சு. துண்ட அவுருங்க" என்றாராம் உதவி ஆய்வாளர்.

அவருக்கும் முன்பே ஒருமுறை பதிவு உண்டாம். உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். டீக்கடையில் இன்று யார் தலையிலும் பாகை இல்லை என்று கேள்வி. வெயில் காலம் தொடங்கும் நேரம், பாவம்.

20 மார்ச்சு

இதன்படி, இவ்வூரில் சரக்கு வண்டி ஓட்ட உரிமம் செல்லுபடியாகும் ஒரே நபர் நான். இதில் நான் மகிழ்ச்சியடைவது முறையன்று. ஆகவே அடையவில்லை. சேலையை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

மாலையில் ராமக்காள் வந்தார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. வாசலில் நின்று, "போனு எங்க வச்சிருக்க?" என்று கேட்டார்.

இருக்கைக்கு அடியில், கருவிப் பெட்டிக்குள், அணைத்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"அப்ப அவசரமுன்னா?"

"நிறுத்தி நானே கூப்பிடுவேன்."

"உன் வூட்டுக்காரன்?"

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "நான் இனிமே கூப்பிடமாட்டங்க அக்கா."

ராமக்காள் என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நாளைக்கு முப்பது பெட்டி" என்றார். திரும்பி நடந்தவர் நின்று, "குள்ளம்மாளுக்கும் சொல்லிடறன்" என்றார்.

21 மார்ச்சு

அவர் கூப்பிடவில்லை. காரிமங்கலத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கைபேசியை உயிர்ப்பித்து நானே அழைத்தேன். மணி அடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார். கையிலேயே வைத்திருந்திருக்கிறார். பாதி வழி வந்தாயிற்று என்றேன். 'ம்' என்றார். இருவரும் வைத்துவிட்டோம். அந்த 'ம்' இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

11 ஏப்ரல்

இரண்டு நடை. எழுத நேரமில்லை.

27 ஏப்ரல்

ஜாஸ்மின் வந்திருந்தாள். சென்னப்பன் இப்போது அழைப்பு வந்தால் மொபட்டை நிறுத்திவிடுகிறாராம். அதனால் ஞாயிறு பூசைக்குத் தாமதமாகிறது என்று குறைபட்டாள். பங்குத்தந்தையிடம் சொல்லி நேரத்தை மாற்றக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதித் தர முடியுமா என்றாள். ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

7 மே

உரிமம் திரும்பி வந்தது. அவரே போய் வாங்கி வந்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். நான் சாவியை மேசையில் வைத்தேன். வைப்பதற்கு மனமில்லை என்பதை இங்கு மட்டும் எழுதுகிறேன்.

சாவி மேசையிலேயே இருந்தது. உறங்கப் போகும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

8 மே

விடியற்காலையில் அவர் ராமக்காள் தோட்டத்தில் பெட்டிகளை ஏற்றி முடித்து, கயிறு கட்டி, வண்டியைச் சுற்றி வந்து ஓட்டுநர் கதவைத் திறந்தார். ஏறுவார் என்றிருந்தேன். கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"ஏறு. மறுநடை இருந்தா நான் போறன்."

ராமக்காள் களத்திலிருந்து, "யாரோ ஒருத்தர் ஏறுங்க, வெயிலு வந்துருச்சு" என்றார்.

ஏறினேன்.

இப்போது பாலக்கோட்டு மண்டி. காலிப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அவருக்கு அனுப்பிய செய்தியை, என் எழுத்துகள் யாவற்றையும் படியெடுத்து வைக்கும் வழக்கப்படி, இங்கும் பதிகிறேன்:

"மண்டிக்கு வந்துட்டன். வண்டி நிக்குது. தக்காளி எறக்கியாச்சு. மறுநடை உண்டா இல்லையா? சீக்கிரம் பதில் போடுங்க."